மிகை வியர்வையும் அதன் பரிகாரமும்

உழைப்பவன் உடலில் வியர்வை தோன்றுதல் இயல்பு. அஃது அவனுக்குப் பெருமையுமாம். ஆனால், நிழலில் அமைதியாக அமர்ந்திருக்கும் மாணாக்கன் ஒருவனின் உள்ளங்கையிலிருந்து நீர் சொட்டுமாயின் அதனை யாதென்பது? விடைத்தாள் நனைகின்றது, மை பரவுகின்றது, தோழன் கைகொடுக்க வந்தால் அவன் தன் கையை மறைத்துக்கொள்கின்றான். இதனை அச்சமென்றும் அசுத்தமென்றும் கூறி நகைப்பாருமுளர். இஃது ஓர் உடற்குறையே என்பதையும், இதற்குப் பரிகாரம் உண்டென்பதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

வியர்வையின் பயன்

நமது தோலில் ஏறத்தாழ 20 முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் உள. ஓர் இலீற்றர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை உடலினின்றும் கவர்ந்து செல்லும். ஆவியாகாது சொட்டி விழும் வியர்வையால் இப்பயன் இல்லை. ஆதலாலேயே, காற்றில் ஈரம் மிகுந்த நம் கரையோர ஊர்களில் எத்துணை வியர்த்தும் புழுக்கம் தணிவதில்லை.

வெப்பம் மட்டுமன்றி உள்ளத்துணர்ச்சியும் வியர்வையைத் தூண்டும். தலைவனை எதிர்ப்பட்ட தலைவியின் நெற்றி வியர்த்தலைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்ணிவைத்துள்ளமை நாம் அறிந்ததே.

இருவகை மிகை வியர்வை

முதலாவது வகை பெரும்பாலும் இளமையிலேயே தொடங்குவது. உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள், முகம் ஆகிய இடங்களில், இரு பக்கமும் ஒப்பத் தோன்றும், உறக்கத்தில் அடங்கிவிடும். குடும்பத்தில் வேறு சிலருக்கும் இது காணப்படுதலுண்டு. சுரப்பிகளில் குறையில்லை, அவற்றைத் தூண்டும் பரிவு நரம்புகளே அளவுக்கு மீறித் தொழிற்படுகின்றன.

இரண்டாவது வகை வேறொரு நோயின் அறிகுறி. தைரொயிட்டுச் சுரப்பி மிகைப்படல், சயரோகம், சில மருந்துகள் என்பன இதற்குக் காரணமாகலாம். இரவில் ஆடை நனைய வியர்த்து, காய்ச்சலும் மெலிவும் உடன் தோன்றினால் தாமதியாது வைத்தியரை நாடுக. இன்சுலின் ஏற்றும் நீரிழிவுக்காரர் நடுக்கத்துடன் வியர்ப்பின் உடனே சீனி கலந்த பானம் அருந்துதல் வேண்டும். நெஞ்சு நோவுடன் குளிர்ந்த வியர்வை தோன்றின் அக்கணமே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

பரிகாரம்

முதலிற் கையாளத்தக்கது அலுமினியம் குளோரைட்டுக் கரைசல். இரவில், நன்கு உலர்ந்த தோலிற் பூசிக் காலையிற் கழுவிவிடல் வேண்டும். ஈரத்தோலிற் பூசின் எரிவுண்டாகும். கைகால்களை நீரில் வைத்து மென்மையான மின்னோட்டம் செலுத்துதல் மற்றொரு முறை. இதனை வைத்தியரின் வழிகாட்டலிற் செய்க. அக்குள் வியர்வைக்குப் பொற்றுலினம் ஊசிமருந்தை 2004ஆம் ஆண்டில் அமெரிக்கா அங்கீகரித்தது. அதன் பயன் சில மாதங்களே நிற்கும். மாத்திரைகளும் உள, அவை வாயை உலரச் செய்யும். நரம்பைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சை இறுதி வழியேயாம். அதன்பின் முதுகும் வயிறும் முன்னிலும் மிகுதியாக வியர்த்தல் கூடும்.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு சொல். இத்தகைய பிள்ளையைப் பலர்முன் கடிந்துகொள்ளின் அவன் கை மேலும் வியர்க்குமேயன்றி உலராது. எழுதும் கையின்கீழ் வைக்க ஓர் ஒற்றுத்தாளும், துடைக்க ஒரு கைக்குட்டையும், வைத்தியரிடம் அழைத்துச் செல்ல ஒருவரும் இருப்பின், அவன் கற்றதைத் தாளில் எழுதி முடிப்பான்.