வீதிப் பாதுகாப்பு: பாதசாரிகளும் துவிச்சக்கர வண்டி ஓட்டுநர்களும்

மாணவர்களே!

வீதிப் பாதுகாப்புப் பற்றிய வினாவுக்கு உங்களுள் பலர் விதிகளை மட்டும் வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றீர்கள். "விளக்குக" என்று கேட்டால் விதியோடு காரணத்தையும் எழுத வேண்டும். காரணம் தெரிந்தவரே வீதியிலும் விதியை மறவார்.

1. முக்கியத்துவம்

உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2021இல் உலகில் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துகளில் இறந்தனர். 5 முதல் 29 வயது வரையானோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் இதுவே. இறந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகள், துவிச்சக்கர வண்டியில் சென்றோர், மோட்டார் சைக்கிளில் சென்றோர் ஆவர். மோதலின்போது இவர்களது உடலே நேரடியாகத் தாக்கத்தைப் பெறுகின்றது.

2. வேகமும் தூரமும்

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் 1 செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் செல்லும். சாரதி உங்களைக் கண்டு பிரேக்கை மிதிக்க 1 செக்கன் சென்றால், வேகம் குறையத் தொடங்கும் முன்பே அத்தூரம் கடந்துவிடும். 30 கிலோமீற்றர் வேகமாயின் இது ஏறத்தாழ 8 மீற்றரே. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவையான தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஈரமான வீதியில் மேலும் கூடும்.

3. பாதசாரிகள்

அ. நடைபாதை இல்லாத வீதியில் வலப்பக்க ஓரமாக நடக்க வேண்டும். எதிரே வரும் வாகனத்தைக் கண்டு விலகலாம்.
ஆ. நிற்கும் பஸ் வண்டியின் முன்னால் கடக்கக்கூடாது. அதை முந்தி வரும் வாகனம் உங்களுக்குத் தெரியாது. அச்சாரதிக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள்.
இ. கடவையில் ஒரு வாகனம் நின்றாலும் அடுத்ததும் நிற்கின்றதா எனப் பார்த்தே அடியெடுத்து வைக்க வேண்டும்.

4. துவிச்சக்கர வண்டி ஓட்டுநர்கள்

அ. இடப்பக்க ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும்.
ஆ. வலப்பக்கம் திரும்புமுன் பின்னால் பார்த்துக் கையால் சைகை காட்ட வேண்டும்.
இ. லொறி, பஸ் வண்டிகளின் இடப்பக்கத்தால் நுழையக்கூடாது. அவை இடப்புறம் திரும்பினால் நசுங்க நேரிடும்.
ஈ. இரவில் முன்னால் வெள்ளை வெளிச்சமும் பின்னால் சிவப்பு வெளிச்சமும் வேண்டும். லைட் நீங்கள் பார்ப்பதற்கு மட்டுமன்று. மற்றவர் உங்களைக் காண்பதற்குமாகும்.

மாலை வகுப்பு முடிந்ததும் வாசலில் நிற்கும் சைக்கிள்களைப் பார்ப்பேன். பலவற்றில் லைட் இல்லை. கேட்டால், "வீடு பக்கத்திலதானே சேர்" என்ற பதில் வரும். வீடு பக்கத்தில் இருந்தாலும் இருட்டு ஒன்றுதான். இன்றே பூட்டிக்கொள்ளுங்கள்.

5. விபத்து நேர்ந்தால்

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸைப் பெறலாம். பொலிஸ் அவசர இலக்கம் 119. காயப்பட்டவரை இழுத்துத் தூக்குதல் முள்ளந்தண்டுக் காயத்தை மோசமாக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. நிற்கும் பஸ் வண்டியின் முன்னால் கடப்பது ஆபத்தானது ஏன்? விளக்குக.
2. பாடசாலைக்கு அருகே வாகன வேகத்தைக் குறைப்பதன் பயனை உதாரணத்துடன் விளக்குக.
3. உமது வீட்டிலிருந்து பாடசாலை வரை உள்ள ஆபத்தான இடங்கள் மூன்றைக் குறிப்பிட்டு, அவ்விடங்களில் நீர் எடுக்கும் முன்னெச்சரிக்கைகளைக் காரணத்துடன் எழுதுக.

மூன்றாம் வினாவை வீதியைப் பார்த்துவிட்டே எழுதுங்கள்.