கோம்பை நாயும் கோழியும்

கேள்வி: எட்டு மாதக் கோம்பை நாய் வீட்டுக் கோழிகளைத் துரத்துகிறது. அடித்தும் திருந்தவில்லை. என்ன செய்வது?
– வாசகர், மயிலாடும்பாறை

பதில்: உங்கள் தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கிய வேட்டை இனம் அது. ஓடுவதைத் துரத்துவது பிறவிக் குணம். அடித்தால் உங்களுக்குத்தான் பயப்படும். நீங்கள் இல்லாதபோது துரத்தும். செத்த கோழியைக் கழுத்தில் கட்டும் பழைய வைத்தியமும் வீண், வதையும்கூட.

காலையில் நன்றாக ஓடவிடுங்கள். பிறகு கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்து, நாயைக் கயிற்றோடு தூரத்தில் நிறுத்துங்கள். கோழியை விட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும் நொடியிலேயே ஒரு துண்டு ஈரல் கொடுங்கள் (ஆட்டீரலாக இருக்கட்டும்!). வாரக்கணக்கில் மெல்ல மெல்ல நெருங்குங்கள். கோழி சிறகடித்தாலும் அசையாமல் நின்றால்தான் கயிற்றைத் தளர்த்தலாம்.

ஆளில்லாத நேரத்தில் மட்டும் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள்.