அப்பா கேட்ட பொன்

சமய வகுப்பில் திருஞானசம்பந்தர் கதை என்றால் ஞானப்பால் வரைக்கும் சொல்லிவிட்டு நேராக மதுரைக்குப் போய்விடுவோம். நடுவில் ஒருவர் விடுபட்டுப் போகிறார். அவருடைய அப்பா, சிவபாத இருதயர். இந்த மாதப் பாடம் அவரைப் பற்றித்தான்.

7-ஆம் நூற்றாண்டு, சோழநாட்டுச் சீர்காழி. சைவம் தளர்ந்திருந்த நேரம். அதைத் திரும்ப நிலைநிறுத்த ஒரு பிள்ளை வேண்டும் என்று அவரும் மனைவி பகவதியாரும் வேண்டிக்கொண்டார்கள் என்கிறது பெரியபுராணம். பிள்ளை பிறக்கும் முன்பே இவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு! டாக்டராகு, இன்ஜினியராகு என்று நம்ம வீட்டில் சொல்வதெல்லாம் இதற்கு முன்னால் சும்மா.

ஆனால் அந்தப் பிள்ளை 3 வயதில் குளக்கரையில் வாயில் பால் வழிய நின்றபோது அப்பாவுக்குப் புரியவில்லை. யார் கொடுத்த பாலைக் குடித்தாய் என்று கோலை ஓங்குகிறார். கேட்ட வரம் கண்ணெதிரே நிற்கிறது, அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்புறம் மகனைத் தோளில் சுமந்து கோயில் கோயிலாக நடந்தார். திருவரத்துறைக்குப் போகும் வழியில் பிள்ளை தோளில் ஏறாமல் தானே நடக்கிறார். சின்னப் பாதம் நோகிறதே என்று அப்பாவுக்குத் தவிப்பு. அங்கேதான் இறைவன் அருளால் முத்துச்சிவிகை கிடைத்தது.

இனி திருவாவடுதுறை. அப்பாவுக்கு வேள்வி செய்யும் காலம் வந்துவிட்டது, கையில் பொருள் இல்லை. மகனைத் தேடி வந்து கேட்கிறார். நாடே வணங்கும் பிள்ளைதான். ஆனால் பொன்னுக்கு அவரும் எங்கே போவார்?

போன செமஸ்டரில் என் அப்பா முதல்முறையாக என்னிடம் நூறு வெள்ளி கேட்டார். பார்ட் டைம் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். கேட்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் பதிகத்தை எடுத்து ஒழுங்காகப் படித்தேன்.

மூன்றாம் திருமுறையில், காந்தார பஞ்சமப் பண்ணில் இருக்கிறது. துன்பம் வந்தாலும், நோய் வந்தாலும், சாவே வந்தாலும் நான் உன் திருவடியை விடமாட்டேன் என்று ஒவ்வொரு பாட்டும் தொடங்குகிறது. பாதியில் குரல் மாறும். எங்களுக்குக் கொடுக்க உன்னிடம் எதுவுமே இல்லையா, நீ ஆளும் முறை இதுதானா என்று சிவனிடமே உரிமையோடு கேட்கிறார். கவனியுங்கள்: பக்தியைச் சொல்லும்போது 'நான்', பணம் கேட்கும்போது 'நாங்கள்'. பன்மையில் பேசுவது அந்தக் காலத்து வழக்கம்தானே என்று யாராவது சொல்லலாம். எனக்கு அந்த 'நாங்கள்' என்ற சொல்லில் பக்கத்தில் நிற்கும் அப்பாதான் தெரிகிறார்.

பூதம் ஒன்று 1000 பொன் கிழியைப் பீடத்தில் வைத்தது. எடுக்க எடுக்கக் குறையாத கிழி. சம்பந்தர் அதை அப்பாவிடம் கொடுத்தார். அவர் வேள்விக்காகக் காழிக்குத் திரும்பினார்.

அப்பாவுக்கு இன்னும் ஓர் ஆசை பாக்கி இருந்தது, மகனின் கல்யாணம். வேண்டாம் என்ற மகன், பெற்றவர் வற்புறுத்தியதால் சம்மதித்தார். நல்லூர்ப்பெருமணத்தில் திருமணம். அப்போது அவருக்கு 16 வயது என்பார்கள். அங்கே சோதி தோன்றியது. வந்தவர்கள் எல்லாரையும் அதில் புகச் சொன்னார் சம்பந்தர். மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகத்தான் அவர் போனார். முன்னால் போன கூட்டத்தில் சிவபாத இருதயரும் இருந்தார்.