காற்றாலை நிதி: உயர் ஈவைக் கண்டதும் கவனிக்க வேண்டியவை

லண்டன் பங்குச் சந்தையில் 2013-இல் பட்டியலான கிரீன்கோட் யூகே விண்ட் போன்ற புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிகளில், ஈவு வீதம் என்பது ஓராண்டு ஈவுத்தொகையைப் பங்கின் சந்தை விலையால் வகுத்துப் பெறும் விழுக்காடாதலால், விலை சரிந்தாலே அது உயர்ந்துவிடும். இங்கிலாந்து வங்கி 2021 டிசம்பரில் 0.1 விழுக்காடாக இருந்த தன் வட்டி வீதத்தை 2023 ஆகஸ்டுக்குள் 5.25-ஆக உயர்த்தியபோது, அரசுக் கடன்பத்திரங்களே நல்ல வருவாய் தரத் தொடங்கியதால், இந்நிதிகளின் பங்குகள் நிகரச் சொத்து மதிப்புக்கு, அதாவது கடன் போக எஞ்சும் சொத்தின் மதிப்புக்கு, கீழே விற்கலாயின; அம்மதிப்பும் வருங்கால மின்விலை பற்றிய கணிப்பைச் சார்ந்ததே என்பதால், தள்ளுபடியை உடனே மலிவு என்று கொள்வது அவசரம். ஈவுத்தொகையைப் போல் எத்தனை மடங்கு ரொக்கம் மின்விற்பனையில் ஈட்டப்படுகிறது, அதில் எவ்வளவு ஒப்பந்த விலையால் உறுதியாகியுள்ளது, கடன் எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்பவற்றை ஆண்டறிக்கையில், குறிப்பாகக் காற்று குறைந்த ஆண்டின் அறிக்கையில், பார்த்த பிறகே முதலிடுவது தகும்.