சீருடையில் பெண்கள்: லைபீரியா அமைதிப்பணியும் மாதவிடாய்ச் சுழற்சியும் – முக்கியக் குறிப்புகள்

அமைதிப்படை நடப்பு நிகழ்வுகளில் வரும், மாதவிடாய் உயிரியலில் வரும். காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கு இரண்டுமே நாளைய பணியோடு ஒட்டியவை. ஆகவே சேர்த்தே படியுங்கள்.

லைபீரியா

• உள்நாட்டுப் போர்கள்: 1989–1997, 1999–2003. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 1509-ஆம் தீர்மானப்படி 2003 செப்டம்பரில் அமைதிப்பணி தொடங்கி, 2018 மார்ச் 30-இல் நிறைவுற்றது.

• 2007 ஜனவரியில் தலைநகர் மன்ரோவியாவில் இந்தியாவின் சி.ஆர்.பி.எஃப். பெண்கள் இறங்கினர். ஐ.நா. அமைதிப்பணியில் பெண்களை மட்டுமே களத்தில் நிறுத்திய முதல் காவல் அணி இது. துணைப் பணிகளுக்குச் சில ஆண்களும் சென்றனர். முதல் தளபதி சீமா துண்டியா. ஆண்டுதோறும் ஆட்கள் மாறி, 2016 பிப்ரவரியில் அணி விடைபெற்றது.

• பணிகள்: அதிபர் அலுவலகக் காவல், இரவு ரோந்து, கலவரக் கட்டுப்பாடு. உள்ளூர்ப் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சியும் தந்தனர்.

• இந்த அனுபவத்தில் கற்க வேண்டியது எது? போரில் பாலியல் வன்முறை பரவலாக நடந்த நாடு அது. துப்பாக்கி ஏந்திய ஆணைக் கண்டாலே ஒதுங்கிய பெண்கள், வாசலில் பெண் காவலர் நின்றபோது பேச முன்வந்தனர். காவல் பணியில் சேரவும் முன்வந்தனர். லைபீரியப் பாதுகாப்புத் துறையில் பெண்களின் பங்கு 6 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாக உயர்ந்தது என்று ஐ.நா. குறிப்பிட்டது. ஆண்டும் எண்ணும் மறந்தாலும் இந்தக் காரணத்தை மறக்காதீர்கள். விரிவான விடைக்கு உயிர் கொடுப்பது இதுதான்.

• குழப்பிக்கொள்ள வேண்டாம்: ஐ.நா. காவல் ஆலோசகரான முதல் பெண் கிரண் பேடி (2003). பெண்கள், அமைதி, பாதுகாப்பு பற்றிய தீர்மானம் 1325 (2000 அக்டோபர் 31). அப்போதைய லைபீரிய அதிபர் எலன் ஜான்சன் சர்லீஃப். 2011-இல் அமைதி நோபல் பெற்ற மூவரில் ஒருவர்.

• தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம்: சென்னை ஆயிரம் விளக்கு, 1992.

மாதவிடாய்ச் சுழற்சி

• சராசரி 28 நாள். 21 முதல் 35 வரை இயல்பு. உதிரப்போக்கு 2 முதல் 7 நாள்.

• அடிக்கடி தவறும் இடம்: அண்டம் விடுபடுவது எல்லோருக்கும் 14-ஆம் நாளில் அல்ல, அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்பு. 32 நாள் சுழற்சி என்றால் ஏறத்தாழ 18-ஆம் நாள். அண்டம் விடுபடத் தூண்டுவது லூட்டினைசிங் ஹார்மோன். பின்னர் கார்பஸ் லூட்டியம் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும்.

• முன்அறிகுறிகள்: மார்பகக் கனம், வயிற்று உப்புசம், தலைவலி, எரிச்சல், தூக்கக் குறைவு. மாதவிடாய்க்குச் சில நாள் முன் தோன்றி, அது தொடங்கியதும் தணியும். முதல் நாள்களின் அடிவயிற்று வலி வேறு: புரோஸ்டாகிளாண்டின்கள் கருப்பையைச் சுருங்கச் செய்வதால் வருவது அது.

• 7 நாளுக்கு மேல் நீடிக்கும் போக்கு, அன்றாட வேலையை முடக்கும் வலி ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மிகுதியான போக்கு இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகையில் கொண்டுவிடும். உடற்தகுதித் தேர்வுக்கு ஓடிப் பயிற்சி எடுப்பவர்கள் இதைப் பொறுத்துக்கொண்டே போகக் கூடாது.

• கழிப்பறை இல்லாத சாலையோரத்தில் மணிக்கணக்கில் பந்தோபஸ்து நிற்பது இந்த நாள்களில் பெரும் வதை. முதலமைச்சர் பயணப் பாதுகாப்புக்குப் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று தமிழ்நாட்டில் 2021 ஜூனில் உத்தரவு வந்தது. வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் பெண்களைப் பணியிலிருந்து விலக்குவதைவிட, பணியிடத்துக்கு நடமாடும் கழிப்பறையைக் கொண்டுவருவதே சரியான வழி என்பேன்.

• விடுப்பு: பீகார் அரசு 1992 முதல் மாதம் 2 நாள். ஐரோப்பாவில் முதலில் சட்டமாக்கிய நாடு ஸ்பெயின் (2023).

• மே 28 மாதவிடாய் சுகாதார நாள். மே 29 ஐ.நா. அமைதிகாப்போர் நாள்.