இடிக்கும் முன் படியெடு
ரவுட்டருக்கு வேறு மென்பொருள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"அண்ணே, இந்தப் பொட்டிக்கு வேற சாஃப்ட்வேர் அடிச்சா கழனி மோட்டார் கொட்டா வரைக்கும் வைஃபை வருமாமே, நெஜமா?"

கேட்டவன் எங்கள் ஊரான கூரத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி, கல்லூரியில் படிக்கிறவன். கையில் பரணிலிருந்து இறக்கிய பழைய ரவுட்டர். பதில் என்னிடமிருந்து வருவதற்குள் உள்ளேயிருந்து அவன் அப்பாவின் குரல் வந்தது: "அதுல கை வெக்காதடா, செங்கல்லாயிடும்!" உயிர் போய் மறுபடி எழாத பெட்டியைத்தான் 'செங்கல்' என்பார்கள்.

மகனுக்கு அந்தப் பெட்டி ஒரு சிலேட்டு. எதை வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம். அப்பாவுக்கு அது செப்பேடு. வெட்டியது வெட்டியதுதான். செப்பேடு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடுகள் வரலாற்று மாணவர்கள் அறிந்தவை. பாலாற்றிலிருந்து ஏரிக்குக் கால்வாய் வெட்டிய செய்திகூட அவற்றில் இருக்கிறது. யாரும் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே அதைச் செம்பில் வெட்டினார்கள்.

ரவுட்டரின் ஃப்ளாஷ் நினைவகம் செம்புமல்ல, சிலேட்டுமல்ல. மின்சாரம் போனாலும் எழுத்து அழியாது. ஆனால் முறைப்படி பகுதி பகுதியாக அழித்துத் திரும்ப எழுதலாம். அதில் இருக்கும் மென்பொருளுக்குப் பெயர் ஃபர்ம்வேர். தயாரித்த கம்பெனி போட்டதை எடுத்துவிட்டு, ஓப்பன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி போன்ற வெளியார் மென்பொருளைப் போடுவதைத்தான் கடைப்பையன்கள் 'ஃப்ளாஷ் அடிக்கிறது' என்கிறார்கள். இதைப் பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: இது திருட்டு மென்பொருள். போட்டால் போலீஸ் வரும்.

உண்மை: இது திருட்டிலிருந்து வந்ததல்ல, ஒரு கணக்குக் கேட்பிலிருந்து வந்தது. 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை விற்பனைக்கு விட்டது. அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று 2003இல் நிரலாளர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை எடுத்து யார் வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் அதன் மூலநிரலை வாங்கியவருக்கும் தர வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. கேள்வி வலுத்ததும் கம்பெனி மூலநிரலை வெளியிட்டது. அதன்மேல் 2004இல் எழுந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. பெயரின் கடைசி மூன்றெழுத்து அந்த ரவுட்டரின் ஞாபகம்.

சட்டத்தின் கண் இருப்பது வானலைமேல். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 ஜனவரியில் உரிமம் தேவையற்றதாக அறிவிக்கப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 2018 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். இரண்டுக்குமே ஆற்றல் வரம்பு உண்டு. 2.4இல் ஆன்டெனாவின் பலத்தையும் சேர்த்து 4 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. மென்பொருளில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் அது இந்த வரம்புக்குள் நிற்கும். வேறு நாட்டைப் போட்டு ஆற்றலைக் கூட்டுவதுதான் மீறல்.

அமெரிக்காவில் 2016இல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பயனரே நாட்டை மாற்றி அனுமதித்த அளவைத் தாண்டும்படி ரவுட்டர்களை விற்றதற்காக, டிபி-லிங்க் கம்பெனி 2 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. அதே உடன்பாட்டில், வெளியார் மென்பொருளைப் போட வழிவிடும்படி சிப் தயாரிப்பாளர்களோடும் திறமூல நிரலாளர்களோடும் சேர்ந்து வேலை செய்யவும் ஒப்புக்கொண்டது. ஆற்றல் மீறலுக்குத் தண்டம் போட்ட அரசே மென்பொருள் மாற்றத்துக்குக் கதவைத் திறந்துவைக்கச் சொன்னது. நமக்குப் போகக்கூடியது வாரண்டி. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 2: சாஃப்ட்வேர் மாற்றினால் கழனி வரை சிக்னல் வரும்.

உண்மை: வைஃபை ஒலிபெருக்கி அல்ல, பேச்சு. ரவுட்டர் கத்துவது மோட்டார் கொட்டாவில் கேட்கலாம். அங்கிருந்து கைபேசி முனகுவது வீட்டுக்குக் கேட்க வேண்டுமே! கைபேசியின் பேட்டரிக்கும் ஆன்டெனாவுக்கும் ஒரு எல்லை உண்டு. ரவுட்டரில் அடிக்கும் மென்பொருள் அதைத் தொடாது.

ஆனால் மென்பொருள் தூரத்தை வெல்லவே வெல்லாது என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களில் திறந்த பார்வை மையங்களைப் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைஃபை மூலமே மருத்துவமனையோடு இணைத்தார்கள். 5 மையங்கள், 1 முதல் 15 கிலோமீட்டர் வரை நீண்ட இணைப்புகள். கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனி மருத்துவர் வீடியோவில் பார்த்துப் பேசினார்.

அங்கே போட்டது கடையில் கிடைக்கும் வைஃபை சிப்தான். சிக்கல் அது பேசும் முறையில் இருந்தது. ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்பிவிட்டு, 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்காக வைஃபை மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப அலைக்கு 100 மைக்ரோவினாடி வேண்டும். அதற்குள் பொறுமை இழந்து அதையே திரும்ப அனுப்பும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். ஆய்வாளர்கள் அந்த வழக்கத்தை மென்பொருளில் மாற்றி, ஏரிப் பாசனம்போல முறை வைத்தார்கள்: இந்த நொடித்துளி உனக்கு, அடுத்தது எனக்கு. 2007இல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரையின்படி, சாதாரண வைஃபையைவிட 2 முதல் 5 மடங்கு தரவு போனது.

இதிலும் இரண்டு முனையிலும் திசை பார்த்துக் கட்டிய ஆன்டெனாக்கள் இருந்தன. சில இடங்களில் கோபுரம் ஏற்றினார்கள். ஆகவே தம்பிக்குப் பதில்: கழனிக்கு இணைப்பு போகும், அங்கேயும் ஒரு பெட்டி வைத்தால்.

நம்பிக்கை 3: நெட் வேகம் கூடும்.

உண்மை: ஏரியில் இருக்கிற தண்ணீர்தான் மதகில் வரும். 40 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டினால் 40தான். சில ரவுட்டர்களில் கம்பெனி மென்பொருள் சிப்பின் வன்பொருள் வசதியைப் பயன்படுத்துவதால், மாற்றியபின் உச்ச வேகம் குறைவதும் உண்டு.

கூடக்கூடியது வேறொன்று. வீட்டில் ஒருவர் பெரிய படத்தை இறக்கும்போது இன்னொருவரின் ஆன்லைன் வகுப்பு திக்கித் திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். பொட்டலங்கள் ரவுட்டரின் வரிசையில் நீளமாகத் தேங்குவதுதான் காரணம். ஓப்பன்டபிள்யூஆர்டியில் கிடைக்கும் 'கேக்' என்ற வரிசை ஒழுங்கு இதற்கு, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டி மாதிரி. தலைமடைக்காரர் எல்லாத் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளாமல் கடைமடைக்கும் பங்கு பிரித்து விடும்.

நம்பிக்கை 4: கம்பெனி மென்பொருள்தான் பாதுகாப்பு.

உண்மை: பாதுகாப்பைத் தீர்மானிப்பது யார் எழுதினார்கள் என்பதைவிட, ஓட்டையை யார் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான். 2018இல் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் சாதனங்களில் புகுந்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை பிரபல கம்பெனிகளின் ரவுட்டர்கள். விற்று நாலைந்து வருடமான மாடலுக்குப் பல கம்பெனிகள் திருத்தம் தருவதை நிறுத்திவிடுகின்றன. திறமூலத் திட்டங்கள் தொடர்வதுண்டு.

அதற்காக யூடியூப் வீடியோவின் கீழே யாரோ ஒட்டிய இணைப்பிலிருந்து இறக்கினால் அது வீட்டுச் சாவியைத் தெருவில் கொடுப்பது. திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அங்கே தரப்பட்டிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு கோப்பை ஒத்துப் பாருங்கள். போட்டு முடித்ததும் கடவுச்சொல் வையுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாமலும் வைஃபையை அணைத்துமே எழும். "வைஃபையே போச்சு" என்று பதறுகிறவர்களில் பலர் அதை ஆன் செய்யாதவர்கள்தான்.

நம்பிக்கை 5: மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதும்.

உண்மை: அதிகம் பேர் விழுந்த குழி இது. நானும் விழுந்தேன். முதன்முதலில் நான் அடித்த ரவுட்டரில் பெயரைப் பார்த்தேன், பதிப்பு எண்ணைப் பார்க்கவில்லை. எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்துகொண்டிருந்தன.

நம் ஊர்களில் பரவலாகக் கிடைத்த டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 9ஆம் பதிப்பில் இருப்பது குவால்காம் சிப், 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம். 13ஆம் பதிப்பில் மீடியாடெக் சிப், 8 எம்பி, 64 எம்பி. 14ஆம் பதிப்பில் சிப் மீடியாடெக்கேதான், நினைவகம் மறுபடி 4, 32 என்று சுருங்கிவிட்டது. அட்டைப்பெட்டியில் பெயர் ஒன்றே. உள்ளே வேறு வேறு ஆட்கள். ஓப்பன்டபிள்யூஆர்டியோ 4 எம்பி, 32 எம்பி பெட்டிகளை 19.07 பதிப்போடு கைவிட்டது. 2021இல் வந்த 21.02 முதல் குறைந்தது 8, 64 வேண்டும்.

நம்பிக்கை 6: ஃபைபர்காரர் வைத்த பெட்டிக்கும் போடலாம்.

உண்மை: வேண்டாம். அது வெறும் ரவுட்டர் அல்ல, ஒளியிழை முனையமும்கூட. அதன் அடையாள எண்ணைப் பார்த்துத்தான் மறுமுனை உள்ளே விடும். பெரும்பாலும் அது உங்கள் சொத்தும் அல்ல. அதைத் தொடாமல், அதிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து உங்கள் சொந்த ரவுட்டரில் செருகி, அங்கே உங்கள் கைவரிசையைக் காட்டுங்கள்.

நம்பிக்கை 7: பிடிக்கவில்லையென்றால் ரீசெட் அழுத்தினால் பழையது வந்துவிடும்.

உண்மை: ரீசெட் பொத்தான் அழிப்பது நீங்கள் செய்த அமைப்புகளை மட்டும். வெளியார் மென்பொருளை அடித்தபின் ரீசெட் செய்தால், அந்த வெளியார் மென்பொருள்தான் புத்தம் புதிதாக எழும். கம்பெனியுடையது அந்த நேரம் பெட்டியில் இல்லை. அதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

முதலாம் ராஜராஜன் காலத்தில் திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் கருவறையைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணை வந்தது. இடிப்பதற்கு முன் சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். புதுச்சுவர் எழுந்தபின், அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில், அவற்றைத் திரும்பக் கல்லில் வெட்டினார்கள். ரவுட்டருக்கும் இதைவிட நல்ல விதி கிடையாது.

படியெடுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கம்பெனியின் மென்பொருள் கோப்பு. உங்கள் பதிப்பு எண்ணுக்குரியதை அவர்கள் தளத்திலிருந்து முன்கூட்டியே இறக்கி வையுங்கள். இரண்டாவது பலருக்குத் தெரியாதது. ஒவ்வொரு பெட்டிக்கும் ரேடியோவை ஆலையில் அளந்து சுதி சேர்த்த எண்களும் மேக் முகவரியும் ஃப்ளாஷின் ஒரு மூலையில் இருக்கும். குவால்காம் ஏதெராஸ் சிப்புகளில் அந்தப் பகுதிக்கு 'ஆர்ட்' என்று பெயர், மீடியாடெக்கில் 'ஃபேக்டரி'. பக்கத்து வீட்டு ரவுட்டரின் எண்கள் உங்களுடையதற்குப் பொருந்தா. சாதாரணமாக அடிக்கும்போது இந்த மூலையை யாரும் தொடுவதில்லை. ஃப்ளாஷ் முழுவதையும் அழித்து எழுதும் அவசரக்காரர்கள்தான் இதை இழக்கிறார்கள். கம்பெனித் தளத்திலும் இது கிடைக்காது.

நம்பிக்கை 8: பாதியில் கரண்ட் போனால் செங்கல். குப்பைதான்.

உண்மை: பாதி பயம் சரி. மின்தடை உண்மையான எதிரி. தேனி வலையமைப்பிலும் ஆய்வாளர்களை மிகவும் படுத்தியது கெட்ட மின்சாரம்தான் என்று அவர்களே பின்னர் எழுதினார்கள். எனவே இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் செய்யுங்கள். வைஃபையில் அல்ல, லேன் கேபிளில் செய்யுங்கள். முடியும்வரை அடாப்டரைத் தொடாதீர்கள்.

அப்படியும் போனால்? ஃப்ளாஷின் முதல் பகுதியில் பூட்லோடர் என்ற சிறு நிரல் தனியாக இருக்கிறது. சுவிட்ச் போட்டதும் முதலில் எழுவது அதுதான். பெரிய மென்பொருளை எழுப்பிவிடுவது அதன் வேலை. பெரியது சிதைந்தாலும் இந்த வாயிற்காவலன் நிற்பான். பல டிபி-லிங்க் மாடல்களில் ரீசெட்டை அழுத்திக்கொண்டே பவர் கொடுத்தால், 192.168.0.66 என்ற முகவரியில் ஒரு கணினி இருக்கிறதா என்று அது தேடும். அந்தக் கணினியில் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புச் சேவையை ஓடவிட்டு, மாடலுக்குரிய பெயரில் கோப்பை வைத்தால் எடுத்துத் தானே எழுதிக்கொள்ளும். சில டி-லிங்க் மாடல்களில் இதற்கென்றே ஒரு சிறு வலைப்பக்கம் எழும். என் ரவுட்டர் திரும்பியதும் இப்படித்தான்.

அதுவும் முடியாவிட்டால் பெட்டியைத் திறந்து சீரியல் முனைகளில் பேசலாம், பெரும்பாலும் 3.3 வோல்ட், அதற்கு மேல் கொடுத்தால் சிப் போய்விடும். பூட்லோடரே அழிந்தால்தான் ஃப்ளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி வெளியிலிருந்து எழுத வேண்டும். அது கைபேசிப் பழுதுக்கடைக்காரர் கைக்குப் பழகிய வேலை.

இத்தனையும் சொல்லி முடித்தபோது தம்பி பெட்டியைக் கவிழ்த்துக் கைபேசி டார்ச்சை அடித்து, கல்வெட்டு படிக்கிறவனைப் போலக் கண்ணைச் சுருக்கி ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தான். "841என், வெர்ஷன் 9." நாலு எம்பி. இன்றைய பதிப்பு இதில் ஏறாது. பழைய 19.07ஐப் போட்டு நெட்டில் மாட்டினால் அடைபடாத ஓட்டைகளோடு இருக்கும். "நெட்டுல மாட்டாத. அடிச்சு, கெடுத்து, திருப்பிக் கொண்டாந்து பழகு" என்றேன்.

அவன் அப்பா அதற்குள் திண்ணைக்கு வந்திருந்தார். இந்தத் தடவை கை வைக்காதே என்று சொல்லவில்லை.

"பழசை எங்கடா எடுத்து வெச்சிருக்க?" என்றார்.