கிருமியின் குலமறிதல்

கண்ணுக்குப் புலனாகாத கிருமியொன்றை இன்னதென்று துணிவது எங்ஙனம்? அதன் புறத்தோற்றம் போதுமா, உள்ளுறையும் மரபையும் ஆராய வேண்டுமா? இவ்வினாவுக்கு வாந்திபேதியின் வரலாறு நல்ல விடை பகர்கின்றது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலே பிறந்த நம் மாணாக்கர்க்கு அந்நோயின் பெயர் புதியதன்று. அவர்தம் முன்னோருட் பலர், தொற்றுநோய் உடன்வாராதிருக்கும் பொருட்டு மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்ட பின்னரே இலங்கைக்குக் கப்பலேறினர்.

1884ஆம் ஆண்டிலே ஜெர்மானிய அறிஞர் றொபேட் கொக், காற்புள்ளிபோல் வளைந்த வாந்திபேதிப் பற்றீரியாவைக் கல்கத்தாவிலே பிரித்தெடுத்தார். அது சுரக்கும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகின்றது என்பதனை அதே நகரத்துச் சம்புநாத் தே 1959இல் நிறுவினார். ஆயின் இவ்வினத்துப் பற்றீரியாக்கள் யாவும் அந்நஞ்சைச் சுரப்பனவல்ல. மேலுறையின் வேறுபாட்டால் 200க்கு மேற்பட்ட வகைகள் உள. அவற்றுள் ஓ1 என்னும் வகையே கொள்ளைநோய் விளைப்பதென நெடுங்காலம் கருதினர். அவ்வகைக்குரிய சீரத்தைச் சேர்த்ததும் கிருமிகள் திரண்டால் அது ஓ1. திரளாவிடின் கொள்ளைநோய்க்கு அஞ்ச வேண்டுவதில்லை என்பது அந்நாளைய விதி.

1992இன் பிற்பகுதியிலே சென்னையில் அவ்விதி பொய்த்தது. நோயாளரிடம் பெற்ற கிருமி அச்சீரத்தில் திரளவில்லை. நோயோ ஐயமற்ற வாந்திபேதி. முன்னைய கிருமிக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த வளர்ந்தோரையும் அது பற்றியது. விரைவிலே கல்கத்தாவிலும் வங்காளதேசத்திலும் பரவியது. ஓ139 என்று பெயரிடப்பட்ட அக்கிருமியின் மரபை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. அது பழைய எல் டோர் கிருமியே! மேலுறையை ஆக்கும் பரம்பரையலகுகள் மாறியிருந்தன. நஞ்சை ஆக்கும் பரம்பரையலகுகளோ மாறவில்லை. வேடம் மாறிய கள்வனைக் கைரேகை காட்டிக்கொடுத்தது போலாம். அந்த நஞ்சுப் பரம்பரையலகுகளையும் ஒரு வைரசே பற்றீரியாவுக்குள் கொணர்கின்றது என்று வால்டோர், மெக்கலானோஸ் என்போர் 1996இல் கண்டனர். ஆதலின், நஞ்சற்ற கிருமியும் நஞ்சுடையதாதல் கூடும்.

அப்பரம்பரையலகைத் தேடும் முறையைக் கூறுவாம். 1983இல் கரி முல்லிஸ் கண்ட பொலிமரேசுச் சங்கிலித் தாக்கமே அது. டீ.என்.ஏ. என்பது முறுக்கிய இரட்டையிழை. அதனைச் சூடாக்கினால் இழைகள் பிரியும். குளிர்வித்தால், நாம் தேடும் பகுதியின் இரு முனைகளுக்கும் பொருந்துமாறு ஆக்கிய சிறு துண்டுகள் அவ்விடத்தே ஒட்டும். பின்னர் நொதியம் எஞ்சிய இழையை நிரப்பும். இங்ஙனம் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டித்தால், ஒன்று 30 சுற்றில் 100 கோடிக்கு மேலாகும். கணக்கறிந்த மாணாக்கர் தாமே பெருக்கிப் பார்க்கலாம். தேடிய பகுதி இல்லையாயின் அது பெருகாது. வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகளையும் இவ்வாறே தேடலாம்.

எனினும், ஒன்றை மறத்தலாகாது. கிருமி எவ்வகையினது, எங்கிருந்து பரவுகின்றது என்று அறிந்து ஊரைக் காக்கவே இச்சோதனை பெரிதும் உதவும். லயத்திலே பேதியால் வாடும் குழந்தை அம்முடிவு வரும்வரை காத்திருக்க இயலாது. இழந்த நீரை உடனே ஈடுசெய்தல் வேண்டும். 1971இல் வங்காள அகதிகளின் முகாமொன்றிலே திலிப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு 30 அளவிலிருந்த இறப்பு 4க்கும் குறைந்தது. இன்று அக்கலவை சிறு பொதியாகவே கிடைக்கின்றது.

ஆகவே பீலிநீராயினும் ஓடைநீராயினும் கொதிக்கவைத்து ஆறிய பின்னரே பருகுக. பேதி கண்டால் அக்கரைசலைக் கொடுத்துக்கொண்டே வைத்தியரிடம் விரைக. இவ்விரண்டையும் ஒவ்வொரு மாணாக்கனும் தன் லயத்தார்க்கு எடுத்துரைப்பானாயின், நாம் கற்பித்ததன் பயனை அடைந்தோமாவோம்.